உப்புத்தாளில் தேய்த்த நீலம்

தம்பி, இந்தக் கடிதத்தைத் தபாலில் போட எனக்குத் தைரியம் வரவில்லை. ஒரு நாள் பிந்தினாலும் காரியம் கெட்டுவிடும். அதனால் நாளைக் காலை ஈப்போ வண்டியில் கார்டாகப் போகிற தங்கராசுவிடம் கொடுத்து, உன் ரயில் ஷெட்டில் வேறு எவன் கையிலும் கொடுக்காமல் உன்னைத் தேடிப் பிடித்துக் கொடு என்று சொல்லப்போகிறேன். அவன் சும்மா வாங்கிக்கொள்ள மாட்டான். "என்னண்ணே, மாப்பிள்ளைக்குக் கல்யாணப் புத்திமதியா?" என்று கண்ணடிப்பான். ஆமாம், கல்யாண விஷயம்தான். நீ இதை நின்றுகொண்டு படிக்காதே. கை கழுவிவிட்டு, எங்காவது உட்கார்ந்து, முழுவதையும் படி. பாதியில் கோபம் வந்தாலும் மடித்துச் சட்டைப்பையில் வைத்துவிடாதே. உன் அப்பனுடைய வெட்கக்கேடு பாதிக்கு மேல்தான் இருக்கிறது, அதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

கோயிலில் உன் கல்யாண ஓலை இரண்டு முறை வாசித்தாகிவிட்டது. நம் பிரிக்ஃபீல்ட்ஸ் கோயிலில் இங்கே, அதே ஞாயிற்றுக்கிழமை கிள்ளானில் அங்கே. சாமியார் உன் பெயரையும் தெரசா பெயரையும் சொல்லி, இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதாவது அறிந்தவர்கள் சொல்லக் கடமைப்பட்டவர்கள் என்று படித்தார். முதல் ஞாயிறு நான் மீசையைத் தடவிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். இரண்டாம் ஞாயிறு என்னால் தலை தூக்க முடியவில்லை. உன் அம்மா பெண்கள் பக்கத்திலிருந்து பார்த்துவிட்டு, வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டாள். "நம்ம பிள்ள பேர வாசிக்கிறாங்க, நீங்க என்னமோ உண்டியல ஒடச்சவரு மாதிரி தரையப் பாத்துக்கிட்டு இருக்கீங்க." சாமியார் கேட்கிற தடை என்ன என்பது எனக்கும் தெரியும். இரத்த உறவு உண்டா, வேறெங்காவது ஒருத்தியைக் கட்டி வைத்திருக்கிறானா, இவ்வளவுதான் கேட்கிறார். பேரிங்கைப் பற்றி அவர் கேட்கவில்லை. ஆனாலும் அந்த வார்த்தை என்னைப் பார்த்துக் கேட்டது போலவே இருந்தது. இந்த ஞாயிறு மூன்றாவது ஓலை. அதற்கு முன்னால் நீ இதைப் படித்திருக்க வேண்டும்.

நம் வீட்டு ஊறுகாய் ஜாடியின் மூடிமேல் பாரத்துக்கு வைத்திருந்த இரும்பு உனக்கு ஞாபகம் இருக்கும். பாதியாக உடைந்த ஒரு பேரிங் வளையம். உனக்குப் பத்து வயது இருக்கும்போது அதை எடுத்துத் தரையில் வைத்து ஆட்டிக்கொண்டிருந்தாய். நான் வேலை முடிந்து வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தேன். "அப்பா, இது முழுக்கப் பளபளன்னு இருக்கு, ஒரு எடத்துல மட்டும் ஏன் செதில் செதிலா உரிஞ்சிருக்கு?" என்று கேட்டாய். நான் என்ன செய்தேன் என்று உனக்குத் தெரியும். விட்டேன் ஒரு அறை. நீ அழவில்லை, என்னையே பார்த்துக்கொண்டு நின்றாய். உன் அம்மா ஓடி வந்து, ஊறுகாய் ஜாடியைத் திறந்து வைத்ததற்காக அடித்தேன் என்று தானாகவே ஒரு காரணத்தை உண்டாக்கிக்கொண்டாள். அதற்கப்புறம் நீ என்னிடம் இயந்திரத்தைப் பற்றி ஒரு கேள்வி கேட்டதில்லை. உன்னுடைய வேலையைக்கூட நீ வேறு ஆட்களிடம் போய்த்தான் கற்றுக்கொண்டாய். கெட்டிக்காரப் பையன், தகப்பனைத் தொந்தரவு செய்வதில்லை என்று நான் வெளியில் பெருமை பேசிக்கொண்டேன். நீ கேட்டது சரியான கேள்வி, தம்பி. அதற்கு நான் பதில் சொல்லவே இல்லை.

அதற்கு ஒரு வருஷத்துக்கு முந்திய கதை இது; அப்போது நான் பாய்லர் வீட்டில் சாதாரண ஃபிட்டர், இப்போது இருக்கிற பெரிய ஃபிட்டர் பட்டமெல்லாம் இல்லை. கம்பெனியின் பெயர் உனக்குத் தெரியும், எழுதத் தேவையில்லை. சுற்றுவட்டார ஈயச் சுரங்கங்களுக்கெல்லாம் நாங்கள்தான் மின்சாரம் அனுப்பினோம். பாய்லரின் புகையை இழுத்துப் புகைபோக்கிக்குள் தள்ள ஆள் உயரத்துக்கு மேல் ஒரு விசிறி உண்டு. அதன் தண்டின் இரண்டு முனையிலும் குண்டு பேரிங். புகைப் பக்கத்து முனையில் கையை வைக்க முடியாது, தண்டு வழியாகவே சூடு வந்து இறங்கும். இந்தப் பேரிங் எஃகு, மலாய்க் கிராமத்துக் கொல்லன் கத்தி அடிக்கிற எஃகு மாதிரி இல்லை. செய்கிற இடத்திலேயே பழுக்கக் காய்ச்சித் தோய்ச்சல் போட்டு, பிறகு இளஞ்சூட்டில் வைத்துப் பதப்படுத்தி, எண்ணெய்க் காகிதத்தில் சுற்றிக் கப்பலில் அனுப்புகிறான். அந்த இளஞ்சூட்டைத் தாண்டாத வரைக்கும் அது எவ்வளவு பாரத்தையும் தாங்கும். தாண்டிவிட்டால் உள்ளே தோய்ச்சல் இறங்கி எஃகு மெத்தென்று போய்விடும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. அதே அளவு, அதே எடை.

பேரிங்கைத் தண்டில் ஏற்றச் சரியான வழி ஒன்றுதான் உண்டு. எண்ணெய்ச் சட்டியில் போட்டு அடுப்பில் மெல்லக் காய்ச்சி, வளையம் விரிந்ததும் எடுத்து ஏற்ற வேண்டும். எண்ணெய் அளவுக்கு மேல் போனால் புகைந்து காட்டிக்கொடுத்துவிடும். ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும் வேலை. புகைப் பக்கத்துப் பேரிங்கை மாற்ற வேண்டி வந்த அன்று சனிக்கிழமை. பிற்பகல் நம் பிரிக்ஃபீல்ட்ஸ் பையன்களுக்கும் செந்தூல் ஆட்களுக்கும் பந்தாட்டம், உன் தாய்மாமன் கோல் காக்கிறான். துரை அவசரப்படுத்தினார், விசிறி நின்றால் ஒரு பாய்லர் முழுக்க நிற்கிறது, அதெல்லாம் உண்மைதான். இத்தனை வருஷமும் எனக்கு நானே அதைத்தான் சொல்லிக்கொண்டேன். ஆனால் உண்மையான காரணம் பந்தாட்டம். ஊதுவிளக்கை எடுத்துக் கொளுத்தி, நெருப்பை நேரே வளையத்தின்மேல் பிடித்தேன்.

வெள்ளை எஃகு சூடேறும்போது முதலில் வைக்கோல் நிறம் காட்டும். பிறகு பழுப்பு, பிறகு ஊதா, பிறகு நீலம். பேரிங் என்றால் வைக்கோல் நிறமே கூடாது. நான் ஒரு ஸ்பானரைத் தேடித் தலையைத் திருப்பினேன், அவ்வளவுதான். திரும்பிப் பார்த்தால் உள்வளையத்தில் கட்டைவிரல் அகலத்துக்கு மயில் கழுத்து நீலம். ஐயோ என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். மாற்றுப் பேரிங் வேண்டுமென்றால் சிங்கப்பூருக்குத் தந்தி அடிக்க வேண்டும். துரையிடம் போய், கெடுத்துவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். திட்டுவார், ஒருவேளை என்னைக் கீழே இறக்கியிருப்பார். அதற்கு மேல் ஒன்றும் ஆகியிருக்காது. நான் உப்புத்தாளை எடுத்தேன். பத்து நிமிஷம் தேய்த்தேன். நீலம் போயிற்று, பழுப்பு போயிற்று, வளையம் புதுப்பெண் மாதிரி ஆகிவிட்டது. துடைத்து எண்ணெய் தடவி ஏற்றினேன். துரை வந்து பார்த்து என் தோளில் தட்டிவிட்டுப் போனார். பந்தாட்டத்துக்கும் நேரத்தோடு போய்விட்டேன். யார் ஜெயித்தார்கள் என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன், ஞாபகம் வரவில்லை.

அருளப்பனைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, இன்னும் இரண்டு வாரத்தில் அவர் உனக்கு மாமனார். ஆனால் அந்த நாளில் அவர் எங்கள் பாய்லர் வீட்டில் எண்ணெய்க்காரர் என்பதை நான் உன்னிடம் சொன்னதே இல்லை. எண்ணெயும் கிரீஸும் போட்டுக்கொண்டு இயந்திரங்களைச் சுற்றி வருகிற வேலை. ஒல்லியான உடம்பு, என்னைவிட ஐந்தாறு வயது சின்னவன், வாய்க்கு வாய் அண்ணே அண்ணே. அவன் கையில் எப்போதும் ஒரு மரக்குச்சி இருக்கும். குச்சியின் ஒரு முனையைப் பேரிங் பெட்டியில் ஊன்றி மறு முனையைக் காதில் வைத்துக் கேட்பான். எண்ணெய்க்காரர் எல்லாரும் செய்கிற காரியம்தான், ஆனால் இவனுக்கு அதில் தனிக் காது. நான் நீலத்தைத் தேய்த்து மூன்று மாதம் இருக்கும், ஒருநாள் என்னைத் தேடி வந்தான். "அண்ணே, பொகை விசிறியில சத்தம் மாறிப்போச்சு. உள்ளுக்குள்ள யாரோ நெல்லு மெல்லுற மாதிரி இருக்கு. வந்து கேளுங்களேன்." போனேன். குச்சியை வைத்துக் கேட்டேன். அவன் சொன்னது அப்படியே சரி. நறநறவென்று இருந்தது. அங்கேயே விசிறியை நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தினால் கழற்ற வேண்டும், கழற்றினால் வளையத்தைப் பார்ப்பார்கள். நான் குச்சியை அவன் கையில் திணித்துவிட்டுச் சொன்னேன்: "ஒரு சத்தமும் இல்ல. காதுல அழுக்குடா ஒனக்கு. பேசாம கிரீஸ அப்பிட்டுப் போ லா." அவன் சிரித்துக்கொண்டே சுண்டுவிரலைக் காதுக்குள் விட்டுக் குடைந்தான். அந்தச் சிரிப்பை என்னால் மறக்க முடியவில்லை.

அதற்கு மூன்றாம் நாள், அவன் வேலை நேரத்தில், பேரிங் வெடித்தது. தண்டு சாய்ந்து, விசிறி இலைகள் கூட்டைக் கிழித்து, சூட்டுச் சாம்பல் வெளியே கொட்டியது. அருளப்பனுக்கு இடது முழங்கைக்குக் கீழே வெந்துபோனது, நிச்சயதார்த்தத்தில் நீ பார்த்த தழும்பு அதுதான். உயிருக்கு ஒன்றும் ஆகக் கூடாது என்று நான் அன்று எத்தனை செபமாலை சொன்னேன் தெரியுமா? அவனுக்காகச் சொன்னேனா எனக்காகச் சொன்னேனா என்பது ஆண்டவருக்குத்தான் வெளிச்சம். விசாரணை வைத்தார்கள். உடைந்த பேரிங்கில் கிரீஸ் எல்லாம் கருகி வற்றிப் போயிருந்தது. அவ்வளவு சூட்டில் அப்படித்தான் போகும், எந்த ஃபிட்டரைக் கேட்டாலும் சொல்வான். ஆனால் கேட்டது துரை, பதில் சொன்னது ஆபீசில் கணக்கெழுதுகிற கிராணி. கிரீஸே போடவில்லை, இவன் மூலையில் உட்கார்ந்து தூங்குகிற ஆள் என்று இரண்டு மூன்று பேர் சொன்னார்கள். அருளப்பன் அந்தச் சத்தத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. நான்தான் சத்தம் இல்லை என்று சொல்லிவிட்டேனே! என் காதை நம்பி, தன் காதை அவன் விட்டுவிட்டான். கடைசியாகத் துரை என்னைப் பார்த்தார். "தெரியாது துவான்" என்றேன். இரண்டே வார்த்தை. அவனை நிறுத்திவிட்டார்கள். வேலையில் தூங்கியவன் என்று புத்தகத்தில் எழுதினார்கள். மனைவியையும் ஆறு வயதுப் பெண்ணையும் கூட்டிக்கொண்டு கிள்ளானுக்குப் போய்விட்டான் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

உடைந்த வளையத்தில் பாதியை நான் எடுத்து வந்துவிட்டேன். ஏன் எடுத்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஒரு வருஷம் ஓடியது. என்னால் என்னையே சமாதானப்படுத்திக்கொள்ள முடிந்த காரணம் ஒன்று இருந்தது: புகையின் சூடே பேரிங்கைக் கெடுத்திருக்கலாம், அல்லது அவன் உண்மையிலேயே கிரீஸ் போடாமல் விட்டிருக்கலாம், என் நீலத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லாமலும் இருக்கலாம். அதை உறுதி செய்துகொள்ளத்தான் நான் கந்தையாவிடம் போனேன். நிலக்கரியையும் பாய்லர் தண்ணீரையும் சோதிக்கிற ஆய்வுக்கூடத்தில் அவர் உதவியாளர், யாழ்ப்பாணத்துக்காரர், மடிப்புக் கலையாத வெள்ளைக் கால்சட்டை. ஒரு புகை விசிறியில் கழற்றிப் போட்ட பேரிங், எங்கோ கிடந்தது என்று சொல்லிக் கொடுத்தேன். அவர் அதன் ஒரு விளிம்பைக் கண்ணாடி மாதிரி தேய்த்து மெருகேற்றி, ஒரு சொட்டு அமிலம் தடவிக் கழுவி, நுண்ணோக்கியின் கீழ் வைத்து, பக்கத்தில் விளக்கைத் திருப்பிப் பிடித்தார்.

"இஞ்ச வந்து பாருங்கோ" என்றார். பார்த்தேன். அதுவரைக்கும் இரும்புக்கு உள்ளே பார்ப்பதற்கு ஏதாவது இருக்கும் என்று எனக்குத் தெரியாது. நல்ல பகுதி சாம்பல் நிறத்தில், மயிரிழை மாதிரி மெல்லிய ஊசிகள் நெருங்கிக் கிடக்க, அதற்கு நடுவே ரவை தூவியது போல் வெள்ளைப் புள்ளிகள். கந்தையா தகட்டை மெல்ல நகர்த்தினார். ஒரு கோடு கிழித்த மாதிரி நிறம் மாறியது. அங்கே ஊசியும் இல்லை, ஒன்றும் இல்லை. கறுத்து மங்கிக் கிடந்தது. கட்டைவிரல் அகலம். "இந்தத் துண்டு மட்டும் ஆரோ நெருப்பிலை பிடிச்சிருக்கினம். புகைச் சூடெண்டால் வளையம் முழுக்க ஒரே மாதிரியெல்லோ மாறியிருக்கும்? இது ஒரு இடத்திலை மட்டும். இஞ்சை மெத்தெண்டு போச்சு. குண்டு ஒவ்வொரு சுத்திலையும் வந்து இந்த இடத்தை அமத்தும். மேலே ஒண்டும் தெரியாது. தோலுக்குக் கீழை முதல்லை ஒரு சின்ன வெடிப்பு. பிறகு அது வளரும், வளந்து மேலே வரும், செதிலாக் கழரும். இரும்புக்கும் களைப்பு வருமெண்டு சொல்லுவினம்." பிறகு கண்ணை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். "ஆர் சூடாக்கினது?" "தெரியாதுங்க" என்றேன். எனக்கு அந்த வார்த்தை அப்போது நன்றாகப் பழகிவிட்டிருந்தது. வீட்டுக்கு வந்து வளையத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஊறுகாய் ஜாடிமேல் வைத்தேன். அந்த வாரம்தான் நீ என்னைக் கேட்டாய்.

இனி உன் விஷயம். நீ கிள்ளான் ஸ்டேஷனில் வேலை பார்த்த இரண்டு வருஷத்தில் கோயில் பாடற்குழுவில் ஒரு பெண்ணைப் பார்த்து, ஈப்போவுக்கு மாற்றலாகும் சமயத்தில் எங்களிடம் வந்து நின்றாய். பெண்ணின் அப்பா பெயர் அருளப்பன், துறைமுகக் கிடங்கில் காவல் என்றாய். நீ சொல்லி முடிப்பதற்குள் நான் சரி என்றேன். உன் அம்மாவுக்கே ஆச்சரியம், சாதி சனம் எதையும் விசாரிக்காமல் இந்த மனுஷன் தலையாட்டுகிறாரே என்று. எங்க அப்பா மனசு யாருக்கு வரும் என்று நீ உன் சிநேகிதர்களிடம் சொன்னதாகத் தங்கராசு வந்து சொன்னான். தம்பி, அது பெரிய மனசு இல்லை. அந்த வீட்டுக்கு நான் செய்த தீமைக்கு ஒரு நல்ல பையனைக் கொடுத்தால் சரியாகிவிடும், நான் வாயைத் திறக்க வேண்டியதில்லை என்று நினைத்தேன். உன்னையும் உப்புத்தாளாக்கித் தேய்க்கப் பார்த்தேன். நீ அவளை விரும்பியது உன் விருப்பம், அதில் எந்தக் கறையும் இல்லை. கறை எல்லாம் என் சம்மதத்தில்தான் இருந்தது. இதற்காக உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

நிச்சயதார்த்தத்தன்று தட்டு மாற்றியபின் அருளப்பன் என்னைத் தனியாக வாசலுக்குக் கூட்டிப் போனதை நீ பார்த்திருப்பாய். நீங்கள் எல்லாரும் ஏதோ சம்பந்திப் பேச்சு என்று சிரித்தீர்கள். அவன் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். "அண்ணே, இனிமே சம்பந்தின்னுதான் கூப்பிடணும், ஆனா ஒண்ண அண்ணேன்னு கூப்பிட்டே சொல்லிடறேன். அன்னிக்கு அத்தன பேர் நின்ன எடத்துல நீங்க ஒருத்தர்தான் எனக்கு எதிரா வாய் தொறக்கல. அதுக்காகத்தான் ஒங்க மகன்னு கேட்டதும் மறுபேச்சுப் பேசாம ஒத்துக்கிட்டேன்." அவன் அழுதான். நான் நின்றேன். கையை உதறிக்கொண்டு ஓடிவிடலாம் போல இருந்தது. அன்று பந்தியில் எனக்குச் சோறு இறங்கவில்லை என்று உன் அம்மா சொன்னாள் அல்லவா, அதுதான் காரணம்.

இந்த வாரம் செவ்வாய்க்கிழமை உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் எழுந்து போய், வளையத்தை எடுத்துப் புளி போட்டுத் தேய்த்துக் கழுவித் துடைத்து என் முன்னால் வைத்தாள். "பதினாலு வருஷமா இதுக்குக் கீழதான் என் ஊறுகா இருந்திச்சா?" என்று கேட்டாள். பிறகு, "அந்தப் பிள்ளைய அன்னிக்கு இதுக்குத்தான் அடிச்சீங்களா?" என்றாள். முதல் கேள்வியைவிட இரண்டாவது கேள்விக்குத்தான் அவள் குரல் உடைந்தது. ஜாடிமேல் இப்போது ஒரு கல்லை வைத்திருக்கிறாள்.

நேற்று லீவு போட்டுவிட்டு, வளையத்தைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு கிள்ளான் வண்டி ஏறினேன். அருளப்பன் முன்கூடத்தில் ஒரு நாற்காலிக்குப் பிரம்பு பின்னிக்கொண்டிருந்தான். "வாங்க சம்பந்தி, சொல்லாம கொள்ளாம வந்திருக்கீங்க" என்று எழுந்தான். உட்காராமலேயே சொல்லத் தொடங்கினேன். உட்கார்ந்தால் வராது என்று எனக்குத் தெரியும். ஊதுவிளக்கு, நீலம், உப்புத்தாள், குச்சி, துவான், கந்தையா, எல்லாவற்றையும் சொன்னேன். பந்தாட்டத்தைக்கூட விடவில்லை. அவன் கையிலிருந்த பிரம்பைக் கீழே வைக்கவே இல்லை. நான் முடித்து வளையத்தை மேசைமேல் வைத்தேன். அடிப்பான் என்று நினைத்தேன், அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன். அவன் வளையத்தை எடுத்து, உரிந்த இடத்தில் கட்டைவிரலை வைத்து இரண்டு முறை தடவினான்.

"அப்ப... அந்தச் சத்தம் இருந்திச்சா?" என்று கேட்டான்.

"இருந்திச்சு அருளப்பா. நானும் கேட்டேன்."

"நெல்லு மெல்லுற மாதிரி."

"ஆமா. அதே மாதிரி."

அவன் உள்பக்கம் திரும்பி, "சவரி! சவரியம்மா! இங்க வாடி!" என்று கத்தினான். அந்த ஒல்லி உடம்பிலிருந்து அப்படி ஒரு குரல் வரும் என்று எனக்குத் தெரியாது. அவன் மனைவி ஈரக் கையோடு ஓடி வந்தாள், பின்னால் தெரசாவும். "கேட்டியா? சத்தம் இருந்திச்சாம். நான் சரியாத்தான் கேட்டிருக்கேன். நான் தூங்கலடி. நான் தூங்கல." தம்பி, அதைக் கேட்டபோதுதான் நான் என்ன செய்தேன் என்பது எனக்கு முழுதாகத் தெரிந்தது. அவன் வேலையைத்தான் கெடுத்தேன் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். ஊரார் சொன்னதை அவன் தானும் நம்பிவிட்டான். ஒருவேளை கண் அசந்திருப்போமோ, ஒருவேளை அன்று கிரீஸ் போடவில்லையோ என்று பதினைந்து வருஷம் தன்னைத்தானே சந்தேகப்பட்டுக்கொண்டு இருந்திருக்கிறான். சவரியம்மா என்னைப் பார்த்துச் சொன்னாள்: "கெடங்குப் பூட்ட நாலு தடவ இழுத்துப் பாத்துட்டுத்தான் வீட்டுக்கு வருவாரு. பாதி வழி வந்துட்டு மறுபடி போவாரு. வீட்டுல அடுப்பு அணைஞ்சிருக்கான்னு என்னையே நம்ப மாட்டாரு. தெரியுமா ஒங்களுக்கு? நல்லா இருப்பீங்களா நீங்க?" நின்றுகொண்டே இருந்தேன்.

பிறகு அருளப்பன் பேசினான். சம்பந்தியும் இல்லை, அண்ணேயும் இல்லை. "கல்யாணம் பிள்ளைங்க காரியம். ஒங்க தப்ப அதுல நான் கலக்க மாட்டேன். ஆனா அந்தப் பாய்லர் வீட்டுல நான் தூங்கினவன்னு எழுதி வெச்சிருக்கானுங்க இல்ல? அத நீங்க போய் மாத்துங்க. இந்த இரும்பு இங்க இருக்கட்டும்." தெரசா கதவோரத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தவள், அப்போதுதான் வாய் திறந்தாள். "அவருக்குத் தெரியுமா?" "தெரியாதும்மா" என்றேன். "அப்ப மொதல்ல அவருக்குச் சொல்லுங்க மாமா. ஞாயித்துக்கெழம ஓலைக்கு முன்னாடி. தெரிஞ்சதுக்கு அப்புறம் வந்து எங்கிட்ட பேசட்டும்." அவ்வளவு நடந்த பிறகும் மாமா என்றுதான் சொன்னாள். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் ஸ்டேஷன் வரைக்கும் நடந்தேன்.

இன்று காலை பாய்லர் வீட்டில், இப்போதைய துரை முன்னாலும் ஆட்கள் முன்னாலும் நின்று சொல்லிவிட்டேன். துரை இளவயசுக்காரர். முதலில் நான் ஏதோ பிதற்றுகிறேன் என்று நினைத்தார். பிறகு பழைய புத்தகத்தை எடுத்து வரச் சொல்லி, அந்த வரியை என் முன்னாலேயே அடித்து, கீழே நான் சொன்னதை எழுதி, என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார். கிள்ளானுக்கும் ஒரு கடிதம் போடுவதாகச் சொன்னார். அழைக்கும் வரை நான் வேலைக்கு வர வேண்டாம் என்றும் சொன்னார். இன்னும் நாலு மாதத்தில் நான் ஓய்வு பெறும்போது மாலை போட்டு அனுப்ப ஆட்கள் ஏற்பாடு செய்திருந்தார்கள், அது இனி நடக்காது. கதவருகில் நின்ற எண்ணெய்க்காரப் பையன்கள் எனக்கு வழி விட்டு ஒதுங்கினார்கள், ஒருத்தனும் முகம் பார்க்கவில்லை. கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் கடைத்தெரு வழியாக நடந்து வீட்டுக்கு வரும்போது எனக்கு நன்றாகப் பசித்தது. உன் அம்மா போட்ட சோறு முழுவதையும் சாப்பிட்டேன்.

நீ என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை. ஆனாலும் அப்பன் என்பதால் ஒன்றிரண்டு சொல்கிறேன், பிடித்தால் எடுத்துக்கொள். சனிக்கிழமை ஈப்போவிலிருந்து வரும்போது இங்கே இறங்காதே. நேரே கிள்ளானுக்குப் போ. முதலில் தெரசாவிடம் பேசு, அவள் கேட்பதற்கெல்லாம் பதில் சொல், எனக்காக வாதாடாதே. அவளோடு வாழும் காலத்தில் அவள் எதையாவது சரியில்லை என்று சொன்னால், உனக்கு அவசரம் இருந்தாலும், பந்தாட்டமே இருந்தாலும், நின்று கேள். கேட்டபின் அவள் சொன்னது சரி என்று தெரிந்தால், உனக்கு அதில் எவ்வளவு அவமானம் இருந்தாலும் ஆமாம் என்று சொல்லிவிடு. அந்த ஒரு வார்த்தையைச் சொல்லாததால் ஒரு மனுஷனுடைய காதையே நான் பிடுங்கிக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை நான் கோயிலில் பக்கவாட்டுக் கதவருகில் நிற்பேன். மூன்றாவது ஓலை வாசித்தால் தலையை நிமிர்த்திக் கேட்பேன். வாசிக்காவிட்டால் அதுவும் என் கணக்கில்தான், உன் மேலோ அவள் மேலோ ஒரு குறையும் சொல்ல மாட்டேன். உன் கல்யாணத்தில் நான் இருக்க வேண்டாம் என்று உனக்குத் தோன்றினால் தங்கராசுவிடம் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பு, நான் புரிந்துகொள்வேன். உன் அம்மா மட்டும் வரட்டும்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. அந்த வளையம் ஏன் ஒரு இடத்தில் மட்டும் செதில் செதிலாக உரிந்திருக்கிறது என்று கேட்டாயே, தம்பி. அங்கே மட்டும் நான் சுட்டுவிட்டேன். சுட்டது வெளியே தெரியாமல் தேய்த்தும்விட்டேன். அதனால்தான். அன்றைக்கே உன்னை மடியில் உட்கார வைத்து இதைச் சொல்லியிருக்க வேண்டும். நீ அன்று அழாமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாயே, அந்தக் கன்னத்தை ஒரு முறை தடவிக் கொடுக்க வேண்டும் போல இருக்கிறது.

உன் அப்பா